மயக்கம் என்ற ஒற்றைச் சொல்

தமிழில் மயக்கம் என்ற சொல்லுக்கு வேலை அதிகம். காலையில் சாப்பிடாமல் வந்த பிள்ளை பிரேயரில் சரிந்தால் மயக்கம். மசக்கைக்காரிக்கு வருவதும் மயக்கம். ஆபரேஷனுக்கு முன் கொடுப்பது மயக்க மருந்து. தலை சுற்றிச் சுவரைப் பிடிப்பது, சர்க்கரை இறங்கி உளறுவது, பக்கவாதம் வந்து சாய்வது, இதயம் நின்று விழுவது எல்லாவற்றுக்கும் பக்கத்தில் இருந்தவர் சொல்வது ஒன்றுதான்: "மயக்கம் போட்டு விழுந்துட்டார்." அவசர உதவித் தொழிலில் இருப்பவர்களின் காதில் அதிகம் விழுகிற வாக்கியமும் இதுதான், மிகக் குறைவாகத் தகவல் தருகிற வாக்கியமும் இதுதான். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டால் வைத்தியமும் ஒன்றாகிவிடும். அந்த வைத்தியம் நம் ஊரில் எல்லோருக்கும் மனப்பாடம். முகத்தில் தண்ணீர் தெளி, வாயில் கொஞ்சம் ஊற்று, ஓடிப்போய் சோடா வாங்கி வா, தலையைத் தூக்கி மடியில் வை, கூட்டத்தை விலக்கு. கூட்டத்தை விலக்குவதால் மட்டும் உண்மையில் பயன் உண்டு. வாயில் ஊற்றுவதும் தலையை மடியில் வைப்பதும் ஆளையே முடித்துவிடக் கூடியவை. கட்டுப் போடுவது, மருந்து தடவுவது, நெஞ்சை அமுக்குவது என்று முதலுதவியைக் கைவேலையாகவே நினைத்துப் பழகிவிட்டோம். கை வைப்பதற்கு முந்திய பத்து விநாடியில் என்ன பார்த்தோம் என்பதில்தான் பாதிக்கு மேல் தீர்ந்துபோகிறது என்பது இந்த வேலை எனக்குக் கற்றுத்தந்த முடிவு. அதை இங்கே வாதமாகவே வைக்கிறேன்.

தண்ணீர் தெளிப்பதற்கு இவ்வளவு நல்ல பெயர் எப்படி வந்தது என்று முதலில் பார்க்கலாம். வெயிலில் வெகுநேரம் நின்றவர், ரத்தத்தைப் பார்த்தவர், கல்யாண மண்டபத்துப் புழுக்கத்தில் பட்டுப்புடவையோடு நின்றவர் ஆகியோருக்கு ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி மூளைக்குப் போகும் ரத்தம் குறைகிறது, ஆள் சரிகிறார். அப்படிச் சரிந்ததே அவருக்கு வைத்தியம். உடம்பு தரையில் கிடையாகப் படிந்ததும் ரத்தம் தலைக்குத் திரும்பி, பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் கண் திறப்பார். அதற்குள் யாரோ தண்ணீர் தெளித்திருப்பார்கள், பெயர் தண்ணீருக்குப் போய்விடும். வலிப்பும் அப்படித்தான். பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தானாக அடங்கும். சாவிக்கொத்தைத் தேடி எடுத்து, முறுக்கிய விரலைப் பிரித்து உள்ளே திணிக்க ஆகிற நேரமும் ஏறக்குறைய அதுதான். இரும்புக்கு ஒரு மகிமை சேர்ந்துவிடுகிறது. சாவியால் கெடுதல் இல்லையே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று சிலர் கேட்பார்கள். கெடுதல் உண்டு. இதயம் நின்றுபோன சிலருக்கு, மூளைக்கு ரத்தம் போகாததால் முதல் சில விநாடிகளில் கைகால் வெட்டி இழுக்கும். பார்க்கிறவர்கள் வலிப்பு என்று சாவியைத் திணிப்பார்கள். வெட்டு நிற்கும். "அடங்கிருச்சு" என்று எல்லோரும் பெருமூச்சு விடும் அந்த நேரத்தில் அவர் மூச்சில்லாமல் கிடப்பார். வலிப்பு அடங்கியதும் மூச்சைப் பார்க்க வேண்டும் என்ற ஒரு பழக்கம் இருந்தால் இப்படிப்பட்ட சில சாவுகளைத் தடுக்கலாம். உண்மையான வலிப்பாக இருந்தால் பக்கத்தில் இருக்கும் நாற்காலி, கல், அடுப்பு ஆகியவற்றை விலக்கிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தால் போதும். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, ஒன்று அடங்கி நினைவு திரும்புமுன் அடுத்தது வந்தாலோ ஆம்புலன்ஸ். வாய்க்குள் ஸ்பூன் எதற்கும் வேண்டாம்.

மடி விஷயத்தைச் சொன்னால் பலருக்கும் மனம் நோகும். விழுந்தவரின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வது நமக்குப் பாசத்தின் அடையாளம். நம் சினிமாவில் சாகிறவர்கள் முக்கால்வாசி யாராவது ஒருவர் மடியில்தான் சாகிறார்கள். அதில் ஒரு மருத்துவ உண்மை இருக்கிறது என்பதை எடுத்தவர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். நினைவிழந்தவரின் தசைகள் தளர்ந்துவிடும். நாக்கும் தசைதான். மல்லாந்து கிடப்பவருக்கு நாக்கின் அடிப்பகுதி பின்னால் சரிந்து தொண்டையில் உட்காரும். தலைக்குக் கீழே தொடையோ தலையணையோ வந்தால் மோவாய் நெஞ்சை நோக்கி மடங்கி, மிச்சமிருந்த வழியும் அடையும். குறட்டை மாதிரி ஒரு சத்தம் வரும். "நல்லா தூங்குறார், எழுப்ப வேண்டாம்" என்பார்கள். தலையைத் தரையில் கிடத்தி, நெற்றியில் ஒரு கை வைத்துப் பின்னால் சாய்த்து, மறு கையின் இரண்டு விரலால் மோவாய் எலும்பை மேலே தூக்கினால் அந்தச் சத்தம் நின்று காற்று போகத் தொடங்கும். இதை 1950-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பால்டிமோரில் தன்னார்வலர்களைத் தூங்கவைத்துச் சோதித்து நிறுவியவர் பீட்டர் சஃபார். அவர் மயக்க மருந்து நிபுணர் என்பது பொருத்தம்தான். மூச்சு நன்றாக இருக்கிறது, ஆனால் கண் திறக்கவில்லை என்றால் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். நாக்கு முன்னால் விழும், வாந்தி வந்தால் வெளியே வடியும். அந்த நிலையில் இருப்பவர் வாயில் ஊற்றுகிற ஒரு மடக்குத் தண்ணீர் வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குள் போகலாம்.

ஆக, விழுந்தவரிடம் அறிந்துகொள்ள வேண்டியவை இரண்டே. தோளைத் தட்டிச் சத்தமாகக் கூப்பிட்டால் பதில் வருகிறதா? மூச்சு சரியாக இருக்கிறதா? பல நாடுகளில் ஆம்புலன்ஸ் அழைப்பை எடுப்பவர்கள் கேட்பதும் இந்த இரண்டைத்தான். இரண்டுக்கும் 'இல்லை' என்று பதில் வந்தால் மேற்கொண்டு ஒன்றும் விசாரிக்காமல் நெஞ்சை அமுக்கச் சொல்லிவிடுவார்கள். இரண்டாவது கேள்வியில் 'சரியாக' என்ற சொல்லைத்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இதயம் நின்ற பிறகும் முதல் சில நிமிடங்களில் பத்தில் நான்கு பேர் வரை ஒருவித மூச்சு விடுவார்கள். கரையில் போட்ட மீன் வாயைத் திறந்து மூடுவது மாதிரி, பத்து விநாடிக்கு ஒன்று, பதினைந்து விநாடிக்கு ஒன்று என்று இழுக்கும். தாடை அசையும், நெஞ்சு சரியாக ஏறி இறங்காது. நம் பாட்டிமார்களுக்கு இது நன்றாகத் தெரியும். "மேல்மூச்சு வாங்குது", "உயிர் இழுத்துக்கிட்டு கிடக்கு" என்று அவர்கள் சொன்னது இதைத்தான். கவனித்ததில் அவர்களிடம் குறை இல்லை, முடிவு மட்டும் மாறிப்போனது. இழுக்கிறது என்றால் இன்னும் நேரம் இருக்கிறது, பெரியவர்களுக்குச் சொல்லி அனுப்பலாம் என்று எடுத்துக்கொண்டார்கள். நாற்பத்தைந்து வயதில் வாசலில் திடீரென்று விழுந்தவருக்கு அதே மூச்சு வந்தால் பொருள் வேறு. இதயம் நின்றுவிட்டது, மூளை இன்னும் சாகவில்லை, இந்த நொடியே தொடங்கு என்பது அதன் பொருள். "மூச்சு இருக்கா?" என்று கேட்டால் "இருக்கு" என்று உண்மையாகவே பதில் வரும், அந்த உண்மையாலேயே ஆள் போய்விடுவார்.

இதற்குப் படித்தவர்கள் சொல்லும் மறுப்பு ஒன்று உண்டு. நோயைக் கண்டுபிடிப்பது டாக்டர் வேலை. பாமரன் பார்த்து முடிவெடுத்தால் தப்பாகிவிடாதா? முதலில், இது நோயைக் கண்டுபிடிக்கிற வேலையே இல்லை. பேருந்து நிலையத்தில் வியர்த்து, உளறி, தள்ளாடுகிறவர் குடித்தவரா, சர்க்கரை இறங்கியவரா என்று தீர்மானிக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. விழுங்க முடிகிற அளவுக்கு விழிப்பு இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்தால் போதும். இருந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரையோ ஒரு டம்ளர் ஜூஸோ கொடுக்கலாம். குடித்தவராகவே இருந்தாலும் அதனால் ஒன்றும் ஆகிவிடாது. விழிப்பு இல்லையென்றால் வாயில் எதுவும் வைக்காமல் ஒருக்களித்துப் போட்டு 108. இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல் என்று ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023-இல் சொன்னது. "குடிச்சுட்டுக் கிடக்கான்" என்று தாண்டிப் போகும் முன் அந்த எண்ணை நினைத்துக்கொள்ளலாம். இரண்டாவது, தப்பாகப் போகக்கூடியவற்றை முதலுதவி முறையே பார்த்துப் பார்த்துக் கழித்துக்கொண்டு வந்திருக்கிறது. நாடி பிடித்துப் பார்ப்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஊர் நம்முடையது. ஆனால் பொதுமக்கள் நாடி பார்க்க வேண்டாம் என்று அமெரிக்க இதயக் கழகத்தின் நெறிமுறை 2000-ஆம் ஆண்டிலேயே மாறிவிட்டது. பதற்றத்தில் தன் விரலின் துடிப்பையே அடுத்தவர் நாடி என்று எண்ணிக்கொள்வது சகஜம். தேடித்தேடி அரை நிமிடம் போய்விடுவதும் சகஜம். நாடியைக் கைவிட்டு மூச்சை வைத்துக்கொண்டதற்குக் காரணம், மூச்சைக் கண்ணால் பார்க்க முடியும்.

சரி, மூச்சையே தப்பாகப் பார்த்து, இதயம் ஓடிக்கொண்டிருக்கும் ஒருவரின் நெஞ்சை அமுக்கிவிட்டால்? இது நியாயமான பயம், பதில் சொல்லத்தான் வேண்டும். அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில், போனில் சொல்லக் கேட்டு அமுக்கியவர்களின் கணக்கை எடுத்துப் பார்த்த ஆய்வு 2010-இல் வந்தது. இதயம் நிற்காமலேயே அமுக்கப்பட்டவர்களில் எலும்பு முறிந்தவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர் அளவுதான். உள்ளுறுப்பில் காயம் யாருக்கும் இல்லை. மறுபக்கம், இதயம் நின்றவரை அமுக்காமல் விட்டால் பிழைக்கும் வாய்ப்பு நிமிடத்துக்கு ஏழு முதல் பத்து விழுக்காடு குறைந்துகொண்டே போகும். ஆம்புலன்ஸ் எட்டு நிமிடத்தில் வந்தாலும் அந்த எட்டு நிமிடம் பக்கத்தில் நிற்பவருடையது. கைகளை ஒன்றன்மேல் ஒன்றாக நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் வைத்து, முழங்கை மடங்காமல், ஐந்து சென்டிமீட்டர் அமுங்குகிற மாதிரி, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அமுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் நெஞ்சு முழுதாக எழும்ப விட வேண்டும். இதை 1960-இல் உலகுக்குச் சொன்ன மூவரில் கௌவென்ஹோவன் டாக்டரே இல்லை, மின்பொறியாளர். டென்மார்க் நாட்டில் 2005-இல் பள்ளிகளிலும், 2006-இல் ஓட்டுநர் உரிமத்துக்கும் இந்தப் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். ஆஸ்பத்திரிக்கு வெளியே இதயம் நின்றவர்களில், அருகிலிருந்தவர் சி.பி.ஆர். என்ற இந்த நெஞ்சு அமுக்கும் முதலுதவியைச் செய்தது 2001-இல் நூற்றுக்கு 21 பேருக்கு. 2010-இல் 45 பேருக்கு. முப்பது நாள் தாண்டிப் பிழைத்தவர்கள் அதே காலத்தில் நூற்றுக்கு மூன்றரையிலிருந்து பதினொன்றை நெருங்கினார்கள். ஆஸ்பத்திரி வைத்தியமும் அந்தப் பத்தாண்டில் முன்னேறியது என்பதால் முழுப் பெருமையையும் பயிற்சிக்குக் கொடுக்க முடியாது. ஆனால் மக்கள் தப்பும் தவறுமாக அமுக்கியதால் சாவு கூடிவிடவில்லை என்பது உறுதி.

ஆளைப் பார்ப்பதற்கும் முந்தியது இடத்தைப் பார்ப்பது. இதைப் பாடப்புத்தகத்தில் முதல் வரியாக எழுதிவைத்திருப்பார்கள், எல்லோரும் தாண்டிப் போய்விடுவார்கள். கழிவுநீர்த் தொட்டி சாவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் இறங்கிச் சரிகிறார். மேலே இருக்கும் அண்ணனோ கூட்டாளியோ "மயங்கிட்டான்" என்று குதிக்கிறார். அவரும் சரிய, மூன்றாமவர் இறங்குகிறார். தொட்டிக்குள் சேரும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் இல்லையே என்று இறங்கினால் இரண்டு மூச்சில் முடிந்துவிடும். பாதுகாப்புக் கருவி இல்லாமல் மனிதரை மலக்குழிக்குள் இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பது தனிக் கதை. அந்தக் குற்றம் நிற்காதவரை இந்தச் சாவும் நிற்காது. முதலுதவிக்காரனாக நான் சொல்லக்கூடியது, மேலே நிற்பவர் கயிறும் தீயணைப்புத் துறையும் இல்லாமல் இறங்கக் கூடாது என்பதுதான். கரண்ட் அடித்தவரைத் தொடும் முன் மெயினை அணைப்பதும், அறுந்த கம்பி தண்ணீரில் கிடக்கிறதா என்று பார்ப்பதும் இதே பார்வைதான். சொல்லக் கல்நெஞ்சாகத்தான் இருக்கும். ஆனால் வீட்டில் ஒரு பிணத்துக்குப் பதில் மூன்று விழுவதை இது ஒன்றுதான் தடுக்கிறது.

காதும் நம்மை ஏமாற்றும். விபத்து நடந்த இடத்தில் அலறுகிறவரைச் சுற்றித்தான் கூட்டம் இருக்கும். அலற மூச்சு வேண்டும், நினைவு வேண்டும், ஓரளவு ரத்தமும் வேண்டும். அவரிடம் மூன்றும் இருக்கிறது. சற்றுத் தள்ளிச் சத்தமில்லாமல் சாய்ந்து கிடப்பவரிடம்தான் முதலில் போக வேண்டும். புரையேறுவதிலும் இதே கணக்குத்தான். இருமுகிறவரின் உச்சந்தலையில் தட்டி "யாரோ நினைக்கிறாங்க" என்பது நம் வழக்கம். தட்டாமல் இருமவிட்டால் அவரே துப்பிவிடுவார். இருமவும் முடியாமல், பேச்சு வராமல், கழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்தான் அவசரம். அவரைக் குனியவைத்து முதுகில் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடியால் ஐந்து குத்து, அதற்கும் வரவில்லையென்றால் பின்னாலிருந்து அணைத்துத் தொப்புளுக்கு மேலே உள்ளும் மேலுமாக ஐந்து இழுப்பு, மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு வயிற்றில் இழுப்பு கூடாது. முதுகில் தட்டலும் நெஞ்சில் அமுக்கலும்தான்.

எல்லாவற்றையும்விடக் கனமான மறுப்பு கிராமங்களிலிருந்து வருவது. நின்று பார்த்துக்கொண்டிருந்தால் நேரம் போகும், கிடைத்த வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடுவதுதான் புத்தி என்பார்கள். பாதி உண்மை. வாய் கோணி, ஒரு கை தொங்கி, பேச்சு குழறினால் அது பக்கவாதம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நான்கரை மணி நேரம்தான் கெடு. வண்டி பிடித்து, ஸ்கேன் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதே முதலுதவி. கையைக் காலைத் தேய்த்துக்கொண்டிருப்பது வீண்வேலை. நெஞ்சுவலியும் அப்படித்தான், "வாயுப் பிடிப்பு" என்று சோடா குடித்துக் காத்திருக்கக் கூடாது. பாம்புக்கடி இன்னும் அப்படி. 2000-த்திலிருந்து 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஏறக்குறைய 12 லட்சம் பேர் என்று 2020-இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. கட்டுவிரியன் கடித்த இடத்தில் வலியும் இருக்காது, வீக்கமும் இருக்காது. தரையில் பாய் விரித்துப் படுத்தவர் விடியற்காலையில் வயிறு வலிக்கிறது என்பார், இமை கீழே தொங்கும். தூக்கக் கலக்கம் என்று விட்டுவிட்டால் மதியத்துக்குள் மூச்சுத் தசை ஓய்ந்துவிடும். இங்கெல்லாம் ஓடுவதுதான் சரி. ஆனால் இதயம் நின்றவரை ஆட்டோவின் பின்சீட்டில் மடக்கிப் போட்டுக்கொண்டு ஓடினால், ஆஸ்பத்திரி வாசலுக்குப் பிணம்தான் போய்ச் சேரும். ஓடுகிற ஆட்டோவில் யாராலும் நெஞ்சை அமுக்க முடியாது. அவருக்கு வைத்தியம் விழுந்த இடத்திலேயே நடக்க வேண்டும். ஓடுவதா, உட்காருவதா என்பதைத் தீர்மானிப்பதும் அந்தப் பத்து விநாடிப் பார்வைதான்.

முதலுதவிப் பாடமே அடிக்கடி மாறுகிறதே, எதை நம்புவது என்று கேட்பவர்களும் உண்டு. மாறத்தான் செய்கிறது. மூச்சுவழி முதலில், நெஞ்சு அமுக்கல் அப்புறம் என்றிருந்த வரிசை 2010-இல் தலைகீழானது. தண்ணீரில் மூழ்கியவருக்கு மட்டும் இன்றைக்கும் மூச்சுக் கொடுப்பதுதான் முதலில் (வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுப்பதோ தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதோ கூடாது). இறுகக் கட்டுவதைப் பாருங்கள். ஒரு காலத்தில் எல்லாக் காயத்துக்கும் கட்டினார்கள். பிறகு எதற்குமே கூடாது என்றார்கள். ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களுக்குப் பின், கைகாலில் ரத்தம் பீறிட்டு, அழுத்திப் பிடித்தும் நிற்காதபோது கட்டத்தான் வேண்டும் என்று வந்து நிற்கிறது. அதே கயிற்றைப் பாம்பு கடித்த காலில் இறுக்கினால் தசை அழுகிக் காலே போகலாம். கயிறு ஒன்றுதான், முன்னால் இருப்பது பீறிடும் ரத்தமா பல் பதிந்த தடமா என்று பார்க்காமல் அதைக் கையில் எடுக்கக் கூடாது. செய்முறைகள் இப்படி மாறிக்கொண்டிருக்க, பார்க்கிற வரிசை ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. ஒருமுறை பார்த்துவிட்டு விட்டுவிடவும் கூடாது. 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகன் மைதானத்தில் கால்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் சரிந்தபோது, அணி டாக்டர் மார்ட்டன் போஸன் குனிந்து பார்த்தார். அப்போது மூச்சும் இருந்தது, நாடியும் இருந்தது. சில நொடிகளில் இரண்டும் இல்லை. பார்வையை எடுக்காததால் அது தெரிந்தது, அமுக்கினார்கள், ஷாக் கொடுத்தார்கள். எட்டு மாதம் கழித்து எரிக்சன் மறுபடி பந்து ஆடினார்.

போலீஸ், கோர்ட் என்ற பயத்துக்கு இப்போது இடமில்லை. சாலை விபத்தில் உதவுகிறவரை வழக்கில் இழுக்கக் கூடாது, பெயர் சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற நெறிமுறைகளை உச்ச நீதிமன்றம் 2016-இல் உறுதி செய்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ என்ற பிரிவு சேர்ந்தது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரிலிருந்து விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை அரசுச் செலவில் நடக்கிறது. முன்பணம் யார் கட்டுவது என்ற தயக்கமும் வேண்டாம்.

உங்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். அடுத்த தடவை 108-ஐக் கூப்பிடும்போது "மயக்கம்" என்று சொல்லாதீர்கள். "தட்டிக் கூப்பிட்டேன், எழவில்லை. மூச்சு சரியாக இல்லை" என்று சொல்லுங்கள், அல்லது "மூச்சு இருக்கிறது, ஒருக்களித்துப் படுக்கவைத்திருக்கிறேன்" என்று சொல்லுங்கள். இடத்தைச் சொல்லுங்கள், பக்கத்தில் இருக்கும் கோயிலையோ பெட்ரோல் பங்கையோ சேர்த்துச் சொல்லுங்கள். போனை ஸ்பீக்கரில் போட்டு அவர் தலைமாட்டில் வையுங்கள். கை இரண்டும் உங்களுக்கு வேண்டியிருக்கும்.